ஷார்ஜாவுக்கு ஒரு டப்பா பூரணம்

"ஷார்ஜாவுக்கா? அப்படின்னா தர முடியாதுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை அந்தப் பலகாரக் கடைக்காரன். அவள் கையில் இருந்த சோமாசி பாக்கெட்டை வெடுக்கென்று பிடுங்கியே விட்டான். பிடுங்கினான் என்றால் பிடுங்கினான்தான், நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. சங்கரன்கோவில் தெற்கு ரத வீதி, சாயங்கால நேரம், கடை நிறைய ஆட்கள்... தேன்மொழிக்கு முகமெல்லாம் எரிந்தது.

"காசு குடுத்துத்தானே வாங்குதேன். ஓசியிலயா கேட்டேன்?"

"காசுக்குச் சொல்லலைங்க. முறுக்கு எடுத்துக்கோங்க, தட்டை எடுத்துக்கோங்க. இது மட்டும் வேண்டாம். இதுல கசகசா போட்டிருக்கு."

"எனக்குக் கசகசா போட்ட சோமாசிதான் வேணும்."

"அதான் தர முடியாதுங்கேன்."

நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். மாவு ஒட்டிய கை, வியர்த்த நெற்றி, சண்டைக்காரன் புருவம்... ஆனால் அந்தக் கண்ணில் சண்டை இல்லையே. பயமல்லவா இருக்கிறது! ஒரு பாக்கெட் சோமாசிக்கு எதற்கு இத்தனை பயம்? அதை நின்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. "நல்லாத்தான் கடை நடத்துதீங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள்.

பத்தடி போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, சொல்லாமல் கொள்ளாமல் வரும். பக்கத்து மருந்துக் கடையின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினாள். அங்கே நின்றதும்தான் அவளுக்குக் கண் கலங்கியது.

அவள் கேட்டது அவளுக்காகவா? மேலநீலிதநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். அம்மா இறந்து ரெண்டு வருஷம். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அப்பா நல்லக்கண்ணு இருபத்திரண்டு வருஷமாக ஷார்ஜாவில் லாரி ஓட்டியவர். மூன்று வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து, ஒரு பக்கம் விழுந்து, அங்கேயே ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். விமானத்தில் ஏற்ற முடியாது, மகளை வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் போனில் அப்பா குழறிக் குழறி ஒன்றே ஒன்று கேட்டார். "சோமாசி... மக்கா... அம்மா சுடுவாளே..."

லீவில் வரும்போதெல்லாம் அம்மா சுட்டுப் போடுவாள், கசகசாவை மணக்க மணக்க வறுத்து. அப்பா இங்கேயே தின்று தீர்ப்பார். ஒன்றைக்கூடப் பெட்டியில் வைக்க விடமாட்டார். ஏன் என்று இவள் கேட்டதில்லை.

நாளைக்கு மத்தியானம் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கார். அப்பா கண் மூடுவதற்குள் அந்த ஒரு வாய்... அது போதும் அவளுக்கு. அதைத்தான் இவன் பிடுங்கிவிட்டான்.

"ஒரு நிமிஷம்ங்க..."

திரும்பினால் அவன். தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கு, தெப்பமாக நனைந்த சட்டை.

"பின்னாலேயே வாரீங்க? இன்னும் என்ன பிடுங்கணும்?"

"திட்டுங்க. திட்டிட்டுக் கேளுங்க." அவன் தகரத்துக்குள் வராமல் மழையிலேயே நின்றான். "எம்பேரு அருண்குமார். எங்க அண்ணன் வீரபாண்டி துபாய்ல ஏசி மெக்கானிக்கா இருந்தான். நாலு வருஷத்துக்கு முன்ன லீவு முடிஞ்சு போறப்ப, நாந்தான் சோமாசி சுட்டுக் குடுத்தேன். அண்ணனுக்குப் பிடிக்குமேன்னு கசகசாவை ரெண்டு மடங்கு போட்டேன்."

"அதுக்கு?"

"துபாயோ ஷார்ஜாவோ, அந்த நாட்டுல கசகசா போதைப் பொருள் கணக்குங்க. ஏர்போர்ட்லயே பிடிச்சிட்டாங்க. ஏழு மாசம் உள்ள இருந்தான். வேலை போச்சு. திரும்பி வந்தவன் என்னைய ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நானும் கொஞ்சம் தூங்கியிருப்பேன்... அன்னையில இருந்து சோமாசி கேக்குற ஒவ்வொரு ஆள்கிட்டயும் எங்க போகுதுன்னு கேட்டுத்தான் குடுக்கேன்."

அப்பா ஏன் பெட்டியில் வைக்க விடவில்லை என்று தேன்மொழிக்கு இப்போது புரிந்தது. இந்த ஆள் பிடுங்காமல் இருந்திருந்தால்? அப்பாவைப் பார்க்கவே முடியாமல் போயிருக்குமே...

"உள்ள வாங்க, நனையுதீங்க" என்றாள். குரல் தானாகவே இறங்கிவிட்டது. தன் பேரையும் டீச்சர் வேலையையும் சொல்லி, அப்பாவைப் பற்றியும் மெல்லச் சொன்னாள்.

"சரி, கடைக்கு வாங்க. வேற ஏதாவது பாப்போம்."

மழை விடுகிற வரைக்கும் கடைக்குள் அந்தப் பஞ்சாயத்து நடந்தது.

"காரச்சேவு?" என்றாள் அவள்.

"எண்ணெய் விடும். சேலையெல்லாம் சேவு வாசம் அடிக்கும்."

"அதிரசம்?"

"ரெண்டு நாள்ல கல்லாயிரும்."

"மோர்மிளகாய்?"

"ஏன், பிளேன்ல பழைய சோறு போடுதாங்களா?"

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். வந்துவிட்டதே! மூன்று வாரமாகச் சிரிப்பையே மறந்திருந்த முகம். அவன் தட்டைப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கிறோம் என்று தெரிந்ததும் அவசரமாகத் தட்டையை எடுத்த இடத்தில் வைத்தான். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"டீச்சர்... அப்பாவால கடிச்சுத் திங்க முடியுதா?"

முடியாது. கஞ்சியைத்தான் ஸ்பூனில் கொடுக்கிறார்கள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. வீடியோ காலில் தினமும் பார்க்கிறாள்... ஆனாலும் சோமாசியைத் தேடிக் கடை கடையாக அலைந்திருக்கிறாள். அத்தனை பேர் பார்க்க அழுதுவிட்டாள்.

"அழாதீங்க. மேல்தோடு எதுக்கு? உள்ள இருக்குற பூரணம்தான சோமாசி. பொட்டுக்கடலையை மாவாட்டம் பொடிச்சு, சீனி, ஏலக்காய் சேத்து, நெய்யில உருட்டித் தாரேன். நாக்குல வச்சா கரைஞ்சிரும். டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடுங்க. காலையில வாங்க."

காலையில் போனாள். ராத்திரி அவனும் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. டப்பாவைக் கொடுக்கும்போது, பொடியை மூன்று முறை சலித்தேன், வேறு எதுவும் விழவில்லை என்று மூன்று முறை சொன்னான். "மூடியில நம்பர் எழுதியிருக்கேன். சரக்கு எப்படின்னு சொல்லணும்ல..."

சரக்கு எப்படி என்று கேட்கவா நம்பர் எழுதினான்? அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஷார்ஜாவில் மறுநாள் நர்ஸிடம் கேட்டு, உருண்டையில் கடுகளவு கிள்ளி அப்பாவின் நாக்கில் வைத்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் கழித்து, "கசகசா... எங்க?" என்றார்.

"போடலப்பா."

"நல்ல... புள்ள" என்றார். கண்ணோரம் நீர் வழிந்தது. அம்மாவை நினைத்திருப்பார்.

'சாப்பிட்டாக' என்று ஒரே ஒரு வார்த்தை அவனுக்கு அனுப்பினாள். அடுப்படியில் நின்று அதை அவன் எத்தனை தடவை படித்தான் என்று கேட்காதீர்கள். அப்புறம் தினமும் ஒரு போன். "அப்பா எப்படி இருக்காக?" அவ்வளவுதான் கேட்பான். அவள் சொல்லுவாள். சொல்லி முடித்த பிறகும் ரெண்டு பேரும் போனை வைக்க மாட்டார்கள்...

ஆறாம் நாள் அப்பா போய்விட்டார்.

உடலோடு ஊர் வந்து சேர்ந்தாள். கூட்டத்தில் அருண்குமாரும் வந்திருந்தான். தூரத்திலேயே நின்றான். கிட்டே போய் ஆறுதல் சொல்ல நான் யார் என்று நினைத்தானாம். போன் செய்யவும் அதே தயக்கம். பாவி, அவள் அந்தக் கூட்டத்தில் அவனைத்தான் தேடினாள்.

பதினாறு முடிந்ததும் சித்தப்பா இசக்கித்துரை பேச்சை ஆரம்பித்துவிட்டார். துஷ்டி, அதாவது சாவு, விழுந்த வீட்டில் வருஷத்துக்குள் கல்யாணம் முடிக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். பனவடலிசத்திரத்தில் ஒரு மாப்பிள்ளை, நாளைக்கே பார்க்க வருகிறார்கள். பெற்றவன் இல்லாத பிள்ளையைத் தனியே விட முடியுமா என்று அவர் அழுதார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், தேன்மொழி வந்து நின்றாள். முகம் பாதியாக வற்றியிருந்தது.

"நாளைக்கு என்னைப் பாக்க வாராங்க. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவன் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றான். "நல்ல இடமா?"

"அதான் கேக்கணும்னு தோணுதா உங்களுக்கு?"

"நான் வேற என்னத்தக் கேக்க..." அவன் இப்போதுதான் நிமிர்ந்தான். "ஆசையா ஒருத்தனுக்குச் செஞ்சு குடுத்தேன், அவன் வாழ்க்கையே போச்சு. எனக்கு ஆசைப்படவே பயமா இருக்கு டீச்சர். உங்க மேல ஆசைப்பட்டு, உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

சொல்லிவிட்டான். சொன்னதே தெரியாமல் சொல்லிவிட்டான்.

"எங்கப்பா கடைசியா ருசிச்சுத் தின்னது உங்க கையால செஞ்சதுதான்" என்றாள் அவள். "அதுக்கப்புறம் தண்ணிதான் இறங்குச்சு. அந்தக் கையப் பாத்து நீங்களே பயந்தா நான் என்ன செய்ய?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"வீட்டுல எல்லாரும் எம்மேல விழுந்து அழுதாங்க. நான் எல்லாரையும் தேத்துனேன். பதினாறு நாளா எனக்கு ஒரு சொட்டு வரல. ராத்திரியெல்லாம் யோசிச்சேன்... எங்க போய் அழுதா மனசு ஆறும்னு. இங்கன தவிர ஒரு இடமும் தோணல. சித்தப்பாகிட்ட உங்களைப் பத்திச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். அவுக வைஞ்சாக. பரவாயில்ல."

அவன் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தான். ஒரு ஸ்டூலை எடுத்து அவளுக்குப் போட்டான். அவள் பக்கத்தில், தரையில், அவன் உட்கார்ந்தான்.

"அழு தேன்மொழி" என்றான். "நான் எங்கயும் போகல."

அவள் அப்பாவுக்காக அப்போதுதான் அழுதாள்.