வேண்டாம் என்ற வீடு

தை பிறந்துவிட்டால் தேக்கம்பாறையில் காப்பிக்கு முன்னால் கதவோரத்து இசைவுப்பலகையைத்தான் பார்ப்பார்கள். மேலே அரசுக் காட்டில் சருகு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைச் சருகுமானிகள் அனுப்பிக்கொண்டே இருக்கும். அன்று காலை, "இன்று புகைநாள். பத்து மணிக்குள் சம்மதம் சொல்லவும்" என்று எழுத்து ஓடியது. நாகரத்தினம் பல்கூடத் துலக்காமல் 'சரி'யை அமுக்கினாள்.

பங்குனி வெயிலில் காடு பற்றினால் யாராலும் அணைக்க ஆகாது, பாருங்கள். அதனால் பனி ஈரம் இருக்கும்போதே தீத்தும்பி என்கிற ட்ரோன்களை விட்டுச் சருகைப் பகுதி பகுதியாக எரித்துவிடுவார்கள். புகை ஊருக்குள் இறங்கி இரண்டு நாள் நிற்கும். மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் வதைபடக் கூடாதென்று சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. ஒரே ஒரு வீடு 'வேண்டாம்' என்றாலும் தீ வைக்கக் கூடாது. எந்த வீடு என்பதும் வெளியே தெரியாது.

போன வருடம் ஒரு வீடு வேண்டாம் என்றது. அப்புறம் தோதான காற்றே அமையவில்லை. பங்குனியில் காடு பற்றிக்கொண்டது. ஊர்ப்பக்கம் வந்த தீயைத் தீக்காவலன் மொக்கராசு தழையால் அடித்தே நிறுத்தினான். இரண்டு உள்ளங்கையும் வெந்து, விரல்கள் மடங்காமல் போயின.

ஊர் யாரையும் விசாரிக்கவில்லை. ஆக்சிஜன் பெட்டியோடு நடமாடும் வீருசின்னுவைத் தவிர வேறு யார் சொல்லியிருப்பார்கள் என்று தானே முடிவுகட்டிக்கொண்டது. அவரோ ஒவ்வொரு புகைநாளுக்கும் 'சரி' சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடுகிறவர். சொல்லிப் பார்த்தார், ஊர் நம்பவில்லை. திட்டவும் இல்லை. அவர் வந்தால் டீக்கடை பெஞ்சில் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான்.

அடுத்த வீட்டுச் சுவர் வழியே இருமல் கேட்டது. நாகரத்தினம் போய் எட்டிப் பார்த்தாள். வீருசின்னு காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். பயணம் போகிற நிலையில் இல்லை. ஆனாலும் அவர் பலகையில் 'சரி' பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"மாத்துங்கண்ணே. இன்னும் நேரம் இருக்கு."

"மாத்துனா போன வருசத்தையும் சேத்து என் தலையில எழுதிருவாக தாயி."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நேரே டீக்கடைக்கு நடந்தாள். அங்கே மொக்கராசுவின் வாயருகே கிளாஸைப் பிடித்திருந்தாள் அவன் மனைவி தங்கமுடி.

"போன வருசம் வேண்டாம்னது நான்தான்" என்றாள் நாகரத்தினம். மகள் வளைகாப்புப் பந்தியில் புகை வந்துவிடக் கூடாதென்று அமுக்கியதை, நோயாளிக்கென்று சட்டம் வைத்த வழியைத் தான் எடுத்துக்கொண்டதை, பத்து மாதமாய் வாயைத் திறக்காததை, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தே சொன்னாள்.

தங்கமுடி கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.

"அந்தப் பந்தியில நாங்களும் வந்து சாப்ட்டோமேக்கா" என்றான் மொக்கராசு. "வானம் பளிச்சுன்னு இருக்குன்னு இவதான் சொன்னா."

அவன் திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பாள்.

மூவரும் வீருசின்னுவிடம் வந்தார்கள். போன வருடம் சொன்னது யாரென்று தெரிந்துவிட்டது, இனி அவர் தாராளமாக வேண்டாம் சொல்லலாம், இன்னொரு காற்று வராமலா போகும் என்றான் மொக்கராசு. வீருசின்னு சுவரைப் பிடித்துக்கொண்டு பலகை வரை போனார். விரலைத் தூக்கினார். பக்கத்தில் தொங்கிய மொக்கராசுவின் கைகளைப் பார்த்தார். விரல் அமுக்காமலே இறங்கிவிட்டது.

"இந்தப் பிள்ளைக்கு அது லேசா அமுங்கிருச்சு" என்றார் நாகரத்தினத்தைக் காட்டி. குரலில் கோபமே இல்லை. "எனக்கு அமுங்க மாட்டேங்குதேப்பா."

பத்து மணிக்கு மலைப்பக்கம் தீத்தும்பிகள் எழும்பும் ஓசை கேட்டது. ஜன்னல் இடுக்கை அடைக்கத் தங்கமுடி ஒரு பழஞ்சேலையைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். முறுக்கிப் பிழிய இரண்டு ஆள் வேண்டும். மொக்கராசுவால் ஆகாது. அவள் நாகரத்தினத்தின் முகத்தைப் பார்க்காமலே மறுமுனையை நீட்டினாள்.