காதுக்குள் ஓடும் தறி

விடிந்ததும் விடியாததுமாக அடுப்படியில் தட்டு அடுக்கு சரிந்து விழுந்தது. மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மருமகள் முகம் சிவக்க நின்றாள். கல்யாணமாகி வந்து ஆறே மாதம். அவள் சிரித்தால் மாமியார் எழுந்து போவாள், பாத்திரம் தேய்த்தால் கதவைச் சாத்துவாள், போதாக்குறைக்குக் காதில் பஞ்சு வேறு! எந்தப் பெண்தான் தாங்குவாள்?

விஷயம் வேறு. கணவன் கண்ணை மூடிய பிறகு பதினெட்டு வருஷம் விசைத்தறிக் கூடத்தில் நின்று மகனைப் படிக்க வைத்தவள் அந்த அம்மா. வேலையை விட்டு நின்ற பிறகும் காதுக்குள் தறி நிற்கவில்லை. ஓயாத இரைச்சல், அதற்கு மேல் பாத்திரம் மோதினால் மண்டைக்குள் ஆணி அடித்த மாதிரி வலி. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. தன் படிப்புக்காகத்தான் அம்மாவின் காது கெட்டது என்று தெரிந்தால் பிள்ளை உடைந்துபோவான் என்று பயம். நல்ல பயம் போங்கள்! இப்போது குடும்பமே உடையப் பார்த்தது.

தறிக்கூடத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. வாயசைவைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் அவர்கள். அன்று கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாமியார், மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மகனிடம் பேசும் மருமகளின் உதட்டைப் பார்த்துவிட்டாள். ஒரு சொல் தப்பவில்லை.

"உங்க அம்மாவுக்கு என் குரலே பிடிக்கலைங்க. காதை அடைச்சுக்கற அளவுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்... தனியா போயிடலாம்."

மகன் தலையைக் குனிந்துகொண்டே சரி என்றான்.

கையிலிருந்த ஈரப்புடவை மண்ணில் விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் நேராக உள்ளே போனாள்.

"உன்மேல வெறுப்பு இல்லடி கண்ணு... எனக்குக் காது வலிக்குது" என்று ஆரம்பித்தவள், பதினெட்டு வருஷத்தையும் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

மகன் அவள் காலடியில் உட்கார்ந்து விம்மினான். "ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ படிச்சிருப்பியா?"

மருமகள் ஓடிவந்து மாமியாரைக் கட்டிக்கொண்டு, தோளே நனையும்படி அழுதாள். தனி வீட்டுப் பேச்சு அத்தோடு முடிந்தது.

மறுநாள் மூவரும் காது மருத்துவரிடம் போனார்கள். அவர் முதலில் பஞ்சை எடுக்கச் சொன்னார். அடைக்க அடைக்கக் காது இன்னும் மிரளுமாம். மெல்லிய சத்தம் பக்கத்தில் இருந்துகொண்டே இருப்பது நல்லதாம்.

மருமகள் காதில் இதில் பாதிதான் ஏறியது போலிருக்கிறது. தட்டுகளுக்கு நடுவே துணி விரித்தாள், நுனிக்காலில் நடந்தாள். ஒரு வாரம் கழித்து, காலையில் அடுப்படி வாசலில் நின்று உதட்டை மட்டும் அசைத்தாள்: "டீ போடட்டுமா அத்தை?"

மாமியாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வாயைத் திறந்து பேசுடி. நீ பேசாம இருந்தா எனக்குத் தறிதான் கேக்குது."

மருமகள் பேச ஆரம்பித்தாள். டீ ஆறிப்போன பிறகும் நிறுத்தவில்லை.