ஜன்னலோரம் காய்ந்த பிடி

காலை 7.10. துப்பாக்கி சுடும் கழகத்தைக் கூட்டிப் பெருக்க வந்தவர், பயிற்சியாளர் தன் அறையில் நெஞ்சில் குண்டு பாய்ந்து செத்துக் கிடப்பதைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு கைத்துப்பாக்கி கிடந்தது. அதன் மரப் பிடியைப் பார்த்ததுமே அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

காலை 8.00. அந்தத் துப்பாக்கியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு பெண் ஆய்வாளர் அக்காவும் தங்கையும் இருக்கும் வீட்டுக்கு வந்தபோது, அக்கா பார்த்ததுமே அதை அடையாளம் கண்டுகொண்டாள். துப்பாக்கி அவளுடைய தங்கையுடையது. போன வாரம்தான் பயிற்சியாளர் தங்கையை அணியிலிருந்து நீக்கினார். கழகமே பார்க்க அவரோடு அவள் மல்லுக்கு நின்றாள். நேற்று மாலை 7.15க்குக் காவலாளிக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. சுடும் கழகத்தில் வெடிச் சத்தம் கேட்டால் யார் எழுந்து போய்ப் பார்ப்பார்கள்? அந்த நேரம் தங்கை வழக்கம்போலத் தனியாக ஓடப் போயிருந்தாள்.

“அந்தப் பிடி இவ கைக்குன்னே செதுக்கினது மேடம். வேற யாருக்கும் ஒத்துவராது,” என்றார் அக்காவின் கணவர், வலது கட்டைவிரல் இடுக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவியபடி. கழகத்தின் ஆயுத அறை அவர் பொறுப்பு. மச்சினியை இப்படிப் போட்டுக்கொடுக்கிறாரே என்று அக்காவுக்குச் சுருக்கென்றது.

ஆய்வாளர் பிடியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். தங்கை திக்கித் திணறிச் சொன்னாள். நேற்று ஐந்து மணிக்குப் பிடியை மட்டும் கழற்றி, உள்ளங்கை படாமல் இடைவெளி விழும் இடத்தில் மரத்தை நிரப்பும் புட்டிப் பசை பூசினாளாம். பிடியில்லாத துப்பாக்கியைக் கூடத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாளாம். சாவி எங்கே தொங்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வியர்த்த கை வழுக்காதிருக்க, ஆறு மணிக்கு ஆணி முனையால் புட்டி முழுக்கப் புள்ளி குத்தி, ஜன்னலில் காய வைத்திருக்கிறாள்.

ஆறரைக்கு அக்கா சும்மா இருக்காமல் அதை அழுத்திப் பார்த்திருந்தாள். புள்ளிகள் நசுங்கிப் பள்ளம் விழுந்துவிட்டது. “தொட்டுத் தொலைக்காதேக்கா, விடியற வரைக்கும் ஈரமாத்தான் இருக்கும்,” என்று கத்திவிட்டு, தங்கை மறுபடி குத்தினாள். அதையும் அக்கா ஒளிக்காமல் சொன்னாள். தங்கையேதான் செய்திருப்பாளோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

ஆய்வாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பிடியை வெகுநேரம் பார்த்தார். ஜன்னலில் கடைசியாக அதை எப்போது பார்த்தீர்கள் என்று அக்காவைக் கேட்டார்.

“இன்னைக்குக் காலைல, அஞ்சரைக்கு. ஜன்னலைத் திறந்தப்போ அங்கதான் இருந்தது.”

“தூக்கக் கலக்கம் மேடம் அவளுக்கு,” என்றார் கணவர்.

சொன்னது மெதுவாகத்தான். ஆனால் அவர் பார்த்த பார்வை, பேசாதே என்றது. ஐந்தே முக்காலுக்கு நடக்கப் போகிறேன் என்று கிளம்பியவர் அவர். வாயை மூடிக்கொண்டால் தங்கை ஜெயிலுக்குப் போய்விடுவாள்.

“இல்லைங்க. நல்லா முழிச்சுட்டுத்தான் பாத்தேன்.”

ஆய்வாளர் தலையசைத்தார். “ஏழேகாலுக்கு ஈரப் பிடியைப் பிடிச்சுச் சுட்டிருந்தா, இந்தப் புள்ளியெல்லாம் நசுங்கியிருக்கும். ஒண்ணுகூட நசுங்கலை. சுடும்போது துப்பாக்கியில பிடியே இல்லை. காலைல, காஞ்ச பிறகு, கொண்டுபோய் மாட்டியிருக்காங்க, பழி இந்தப் பொண்ணு மேல விழட்டும்னு.” கணவர் பக்கம் திரும்பினார். “பிடி இல்லாம சுட்டா, பின்னால பாயற இரும்பு கட்டைவிரல் இடுக்கைக் கிழிச்சிடும். அந்தப் பிளாஸ்திரியைப் பிரிங்க சார்.”

அவர் பிரிக்கவில்லை. ஆயுத அறைத் தோட்டாக்களை அவர் வெளியே விற்றதைப் பயிற்சியாளர் கண்டுபிடித்திருந்தார். இன்று புகார் கொடுப்பதாக இருந்தார். துப்பாக்கிகளைப் பூட்டி வைக்கத் தெரிந்த மனிதருக்குப் புட்டி காயும் கணக்குத் தெரியவில்லை.

காலை 8.50. வாசலில் ஜீப்பில் ஏறும் முன் கணவர் திரும்பி, சாயந்திரம் வக்கீலைப் போய்ப் பார் என்று அக்காவிடம் சொன்னார்.

“சரிங்க.” பதினாறு வருஷப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஜீப் போனதும் தங்கை ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

“நேத்து ராத்திரி,” என்றாள் அக்கா, “அவர் பக்கத்துலதான்டி தூங்கினேன்.”