மோரிகன் துவைத்த சட்டை

ரொட்டிக் கூடையோடு கோப்னட் ஆற்றங்கரைக்கு வந்தபோது பனி விலகி நன்றாக விடிந்திருந்தது. அக்கரைக் குன்றில், இடிந்த பண்ணை வீடொன்றில் அவள் அண்ணன் டோனலும் அவன் கூட்டாளி மிஹாலும் துப்பாக்கிகளோடு ஒளிந்திருந்தார்கள். ஆங்கிலேயன் போய்விட்டான், இப்போது அயர்லாந்துக்காரனை அயர்லாந்துக்காரனே சுட்டுக்கொண்டிருந்தான்.

துறையில் ஒருத்தி குனிந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் துரு வாடை.

"பொண்ணே, அந்த நுனியைப் பிடி. பிழியணும்."

கோப்னட் பிடித்தாள். முறுக்க முறுக்கச் சிவப்பாய் வடிந்தது. சட்டையின் முழங்கையில் நீல ஒட்டு. தன் பழைய பாவாடையைக் கிழித்து, டோனலுக்காக அவளே தைத்தது.

"யாரோட சட்டை இது?"

"இன்னிக்குச் சாகறவனோடது."

கோப்னட் நிமிர்ந்தாள். ஆள் இல்லை. கையில் துணியும் இல்லை.

கல்லின்மேல் சாம்பல் முதுகுக் காகம் ஒன்று அவளையே பார்த்தது.

மோரிகன். சண்டைக்கு முன்னால் வந்து, சாகப்போகிறவனின் துணியைத் துவைத்துவிட்டுக் காகமாய் மாறும் போர்த் தெய்வம்.

கோப்னட் ஆற்றைக் கடந்து குன்றேறி ஓடினாள். டோனல் அதே சட்டையில் உட்கார்ந்திருந்தான். ஈரமே இல்லை.

"அந்தச் சட்டையைக் கழட்டுண்ணா!"

"உனக்கென்ன கிறுக்கா? குளிர்ல விறைச்சுச் சாகவா?"

அவளே பொத்தான்களை அவிழ்க்கத் தொடங்கியதும் சிரிப்பை நிறுத்தினான். கழற்றிக் கொடுத்துவிட்டுக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டான். அவள் கணப்பை நோக்கி நடந்தாள்.

"ஏய், எரிக்கவா போற?" மிஹால் கை நீட்டினான். "என்னோடது கந்தலாப் போச்சு. எனக்குக் குடேன். கோப்னட் தச்ச சட்டைன்னு ஊரெல்லாம் பீத்திக்குவேன்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். யாரோ ஒருவன் அதைப் போட்டுக்கொண்டுதானே போகவேண்டும் என்று உள்ளே ஏதோ முணுமுணுத்தது.

கொடுத்தாள்.

மதியம் சாலையில் குண்டுச் சத்தம் அடங்கியதும், டோனல் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்தான். அவன் தோளில் மிஹால் கிடந்தான்.

மூன்றாம் நாள் அடக்கம். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கியதும் காகம் இறங்கியது. சவப்பெட்டியில் உட்காரவில்லை. கோப்னட்டின் இடது தோளில் உட்கார்ந்தது.

மிஹாலின் தாய் சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினாள்.

"அதை விரட்டு, கோப்னட்," என்று டோனல் கிசுகிசுத்தான்.

"முடியலண்ணா."

ஜெபம் முடிந்ததும் காகம் தானாகப் பறந்தது.

தோளின் பாரம் இறங்கவில்லை.

ஆறு வருஷம் கழித்து எடுத்த அவளுடைய கல்யாணப் படத்திலும் இடது தோள் தாழ்ந்தே இருக்கிறது. வெள்ளைத் துணியில், அந்த இடத்தில் மட்டும், எதுவோ பற்றிப் பிடித்ததுபோல் மூன்று சுருக்கங்கள்.