வடக்கு மேட்டில் நிற்பவள்

மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. வடக்கனந்தலைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த குப்பைக் கிடங்கின் வாசலில் மலர்விழி ஸ்கூட்டியை நிறுத்தினாள். அவள்தான் அங்கே மேற்பார்வையாளர். கல்வராயன் மலை இருந்த இடமே தெரியவில்லை. எரிந்து அணைந்த பிளாஸ்டிக் நாற்றம் மட்டும் வழக்கம்போல எதிரே வந்தது.

குப்பை பொறுக்கும் பெண்கள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டாள். வெள்ளச்சி மட்டும் நிமிர்ந்தாள்.

"வடக்கு மேட்டுல ராஜாம்பா நின்னுக்கினு இருக்கா மேடம். கிட்ட போனா கைய நீட்டி மறிக்கிறா."

ராஜாம்பாள் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

மலையிலிருந்து இறங்கி வந்து குப்பை பொறுக்கிப் பிழைத்தவள். ஐப்பசி மழையில் ஒரு லாரி, எங்கோ மூடிவிட்ட ஆய்வுக்கூடத்தின் கழிவுப் பீப்பாய்களோடு வந்தது. கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கும், தனிக் குழி வெட்டி கான்கிரீட் போட்டுப் புதைக்க வேண்டும் என்றான் டிரைவர். குழி தயாராக இல்லை. திருப்பி அனுப்பினால் மேலே பேச்சு வாங்க வேண்டுமே என்று பயந்து, பீப்பாய்களைத் தெற்கே பலவும் வடக்கு மேட்டில் ஒன்றுமாகக் குப்பையோடு தள்ளி மண்ணைப் போட்டு மூடச் சொன்னாள் மலர்விழி. தெற்கே ஒரு பீப்பாய் உடைந்து கிடந்தது. இது இன்னாங்க என்று ராஜாம்பாள் கேட்டதற்கு, ஆஸ்பத்திரிக் குப்பைதான், ஒன்றும் பண்ணாது என்றாள். அதிலிருந்து பளபளவென்ற ஒரு இரும்புத் துண்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனாள் ராஜாம்பாள். இடுப்பு வெந்து புண்ணானது. முடி கொட்டியது. ஆஸ்பத்திரியிலேயே உயிர் போனது.

அதிகாரிகள் கவச உடையில் வந்து அந்தத் துண்டையும் தெற்கே கிடந்த பீப்பாய்களையும் எடுத்துப் போனார்கள். யாரோ திருட்டுத்தனமாகக் கொட்டியிருப்பார்கள் என்றாள் மலர்விழி. நம்பினார்கள். வடக்கு மேட்டுக்கு அடியில், அவர்கள் கருவிக்கு எட்டாத ஆழத்தில், இன்னொரு பீப்பாய் இருப்பதை அவள் சொல்லவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே.

இப்போது தனியாக அந்த மேட்டை நோக்கி நடந்தாள்.

அங்கே காக்கை இல்லை. நாய் இல்லை.

முதலில் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை வந்தது. பிறகு சதை வெந்த வாசனை.

பாலிதீன் கவர் நசுங்கியது. யாரோ கால் மாற்றி நின்ற சத்தம்.

பனிக்குள் சேலை தெரிந்தது. தலையில் முடி இல்லை. இடுப்புப் பக்கம் சேலை சதையோடு ஒட்டியிருந்தது.

மலர்விழி ஓரடி முன்னே வைத்தாள். "ராஜாம்பா... உனக்கு என்ன வேணும்?" என்றாள்.

அந்த முகத்தில் கோபம் இல்லை. ரோட்டுக்கு ஓடும் பிள்ளையை மறிப்பதுபோல ஒரு கை நீண்டது. எதிரே நிற்பது யாரென்று அதற்குத் தெரியவில்லை.

"கிட்ட வராதம்மா. ஒண்ணும் பண்ணாதுன்னு மேடம் சொன்னாங்க. பண்ணுது."

அன்று மதியமே அதிகாரிகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள் மலர்விழி. தோண்டினார்கள். பீப்பாயின் அடி இற்றுப்போய், உள்ளே கழிவுநீர் பாதிதான் மிச்சம் இருந்தது. வேலை போனது. வழக்கு வந்தது. ராஜாம்பாளின் புருஷன் கருப்பண்ணனிடம் போய்த் தானே சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

வடக்கு மேட்டில் அதற்குப் பிறகு யாரும் நிற்கவில்லை. பெண்கள் பயமில்லாமல் போய் வந்தார்கள். மலர்விழிக்கும் மெல்லத் தூக்கம் திரும்பியது.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் வெள்ளச்சி போன் செய்தாள். ராஜாம்பாளை மறுபடியும் பார்த்ததாகச் சொன்னாள். மேட்டிலா என்று கேட்டாள் மலர்விழி.

"இல்ல மேடம்." வெள்ளச்சியின் குரல் இறங்கியது. "கீழ, ஊருக்குத் தண்ணி ஏத்துற மோட்டார் கொட்டாய் வாசல்ல. ரெண்டு கையையும் நீட்டிக்கினு நிக்கிறா."