கண் திறந்த படம்

அந்த ரோலில் திவ்யா இருந்த படங்கள் எல்லாவற்றிலும் அவள் கண் மூடியிருந்தது.

முனிசாமி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டேங்கிலிருந்து ஃபிலிமை எடுத்து, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி, ஸ்டோர் ரூமில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். ஈரம் காய்ந்ததும் கூடத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பூதக்கண்ணாடி வழியாக ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா செங்கம்மாளின் கருமாதிக்குப் படாளம் போனபோது எடுத்தவை. நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு தெளிந்த கண்ணாடியாகவும் இருக்கும். கண் திறந்த முகத்தில் கருமணிகள் இரண்டும் குண்டூசித் தலை அளவுக்கு வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். பந்தலில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் அத்தனை பேர் முகத்திலும் அந்தப் புள்ளிகள் இருந்தன. அவருடைய மகள் முகத்தில் மட்டும் இல்லை.

ஒரு படத்தில் கண் சிமிட்டியிருக்கலாம். பந்திக்கு இலை போடும்போதுமா? அத்தை மகன் குமாரோடு பேசிச் சிரிக்கும்போதுமா? பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போதுமா?

படூரில் இருந்த கம்பெனியிலிருந்து திவ்யா வேனில் வந்து இறங்கியதும், படமெடுக்கும்போது ஏன் கண்ணை மூடிக்கொண்டாள் என்று அவர் கேட்டார். செருப்பைக் கழற்றிக்கொண்டே அவள் சிரித்தாள்.

"நானா? உன் கேமராப் பொட்டியத்தானப்பா பாத்துகினு நின்னேன். அத்தை எனக்கு எழுதி வெச்சிட்டுப் போன சொத்து போலக் கீது."

முனிசாமி சிரிக்கவில்லை.

செங்கம்மாள் கண்ணை மூடுவது குடும்பத்தில் எல்லாரும் அறிந்த விஷயம். அவள் கல்யாணத்துக்கு நின்ற வயதில், செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே அப்போது இருந்த ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டாள். படம் நன்றாக வந்துவிட்டது என்று ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதாக்கித் தெருவைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார். கல்பாக்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த முனிசாமி, காலையில் அலுவலக பஸ்ஸுக்கு நிற்கும்போது அதைப் பார்த்தார். லாரி கிளீனர் ஒருவன் பீடியை இழுத்துக்கொண்டு அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முனிசாமி தெருவைக் கடந்து உள்ளே போனார். படத்தை எடுத்துக் கிழித்தார். நெகட்டிவையும் கேட்டு வாங்கி, கடை வாசலிலேயே கொளுத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் வேலைக்குப் போனார். அவர் செய்தது தப்பு என்று குடும்பத்தில் ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுப் பெண்ணின் முகம் கடைவீதியில் மாட்டுகிற பொருள் அல்ல.

அதற்குப் பிறகு கேமராவைத் தானே வாங்கினார். ஃபிலிம் கழுவத் தானே கற்றுக்கொண்டார். இரண்டாயிரத்து ஆறில், ஊரே டிஜிட்டல் கேமராவுக்குப் போன பிறகும், கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்து, வீட்டிலேயே கழுவி, வீட்டிலேயே ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தின் ஒரு நெகட்டிவ்கூட வாசற்படி தாண்டியதில்லை.

செங்கம்மாள் மட்டும் அவரை மன்னிக்கவில்லை. அவர் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். வெற்றிலைச் சாறு ஒதுக்கிய வாயில் ஒரு சிரிப்பு இருக்கும். "என் மூஞ்சியக் கிழிச்சவன் பொட்டிக்கு நான் எதுக்குடா கண்ணத் தொறக்கணும்?" காதுகுத்து, கிரகப்பிரவேசம், பெற்ற மகன் குமாரின் கல்யாணம், எதிலும் அவள் கண் திறக்கவில்லை. அத்தனை வருடத்து நெகட்டிவிலும் அந்த இரண்டு புள்ளிகள் விழவே இல்லை.

அவள் செத்த பிறகுதான் அது ஒரு குறையாகப் பட்டது. கருமாதிக்கு முன்னால் குமார் செங்கல்பட்டுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி சொன்னான்.

"கண்ண மூடிகினு கீற படத்த மாட்டி எப்புடி மாமா மாலை போடறது? பொணத்த மாட்டுனாப்பல இருக்கும். வெச்ச படையல யாரு பாக்கறது?"

ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் கம்ப்யூட்டரில் கண்ணைத் திறந்து தருகிறார்களாம், கொடுத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டான். முனிசாமியின் முதுகு நிமிர்ந்தது. அக்காவின் முகத்தை எவன் கம்ப்யூட்டரிலோ விட்டுவிட்டு வருவதா? தானே செய்வதாகச் சொல்லி அவனை அனுப்பிவைத்தார்.

செங்கம்மாள் நேராக நின்ற நெகட்டிவ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஸ்கேன் செய்தார். கண்ணுக்கு எங்கே போவது என்று யோசிக்கவேண்டியிருக்கவில்லை. திவ்யாவுக்கு அத்தையின் கண் என்று அவள் பிறந்தபோதே எல்லாரும் சொன்னதுதான். போன வருடம் வரன் பார்ப்பதற்காக அவளை எடுத்த படம் இருந்தது. அதே கேமரா, அதே ஃபிலிம், அதே ஜன்னல் வெளிச்சம், படத்தில் தெரியும் ஃபிலிம் துகள்கூடப் பொருந்தும். மகளின் கண்கள் இரண்டையும் வெட்டியெடுத்து, அக்காவின் முகத்தில் வைத்து, ஓரங்களைக் கரைத்தார்.

கடைசி ஓரம் கரைந்த கணத்தில் செங்கம்மாள் அவரைப் பார்த்தாள்.

முனிசாமியின் கை மவுஸிலிருந்து தானாக விலகியது. ஊர் அம்மனுக்குச் சிலை செய்ய மாமல்லபுரம் போயிருந்தபோது சிற்பக்கூடத்தில் கண்டது நினைவுக்கு வந்தது. கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். திரை கட்டி, எதிரே ஆளை நிற்கவிடாமல், திறந்த கண் முதலில் பார்க்க ஒரு கண்ணாடியைப் பிடிப்பார்கள். இங்கே எதிரே இருந்தது அவர் ஒருவர்தான். அது கல், இது காகிதம் என்று சொல்லிக்கொண்டு படத்தைச் சேமித்தார். யாருடைய கண் என்பதை திவ்யாவிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார்.

கருமாதிக்கு வந்தவர்கள் எல்லாரும் படத்தின் முன் நின்று, உயிரோடு பார்ப்பதுபோல் இருக்கிறது என்றார்கள். பூப்போட்டுவிட்டுத் திரும்பிய திவ்யா மட்டும் அவர் காதருகே வந்து, "அத்தை என்னியவே பாக்குதுப்பா," என்றாள்.

இப்போது கண்மூடிய நெகட்டிவ்கள் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புது ரோல் ஒன்றைப் போட்டு, திவ்யாவை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்தார். இமைக்காமல் லென்ஸைப் பார்க்கச் சொன்னார். வ்யூஃபைண்டரில் அவள் கண்கள் அகலத் திறந்து, வெயிலில் பழுப்பாக மின்னின. பட்டனை அழுத்தினார். அழுத்துகிற அந்தக் கணத்தில் உள்ளேயிருக்கும் சிறு கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். எடுப்பவனுக்கு வெறும் இருட்டுத்தான் தெரியும். படத்தில் விழுகிற கணம் எதுவோ, அதை மட்டும் படமெடுப்பவன் பார்ப்பதில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அது அவருக்கு உறைத்தது.

ரோல் முடிந்ததும் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவிடுக்கில் கம்பளியைத் திணித்து, விளக்கை அணைத்தார். ஃபிலிமை டேங்குக்குள் வைக்கும் சுருளில் ஏற்றி மூடும்வரை நூலளவு வெளிச்சம்கூட ஆகாது. வெளியே கொளவாய் ஏரிப் பக்கம் மின்சார ரயில் ஒன்று ஊளையிட்டுக்கொண்டு போனது. ஃபிலிம் கழுவும் ஃபிக்ஸர் மருந்தின் புளித்த நெடி, ஈரச் சுவரின் வாடை, அவருடைய வேர்வை, இவற்றுக்கெல்லாம் அடியிலிருந்து மெல்ல இன்னொரு வாசனை எழுந்து வந்தது. வெற்றிலை. புகையிலை. அந்த வீட்டில் அது போடுகிற ஆள் கிடையாது.

முனிசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல்களால் சுருளைத் திருப்பினார். பாதி ஏறியிருந்தது. இப்போது விளக்கைப் போட்டால் எல்லாம் கெட்டுவிடும். அப்போது அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், ஒட்டியிருந்த ஈரமான ஏதோ ஒன்று மெல்லப் பிரிகிற சத்தம் கேட்டது. தூங்கி எழுந்தவர் பீளை கட்டிய இமையைப் பிரிப்பதுபோல. பிறகு இன்னொன்று.

அவர் அசையவில்லை. விரல்கள் மட்டும் சுருளைத் திருப்பிக்கொண்டே இருந்தன.

கழுவியெடுத்த ரோலில் திவ்யாவின் கண் எல்லாக் கட்டங்களிலும் மூடியிருந்தது. முதல் படத்தில் இமை சாதாரணமாக மூடியிருந்தது. போகப்போகக் குழி விழுந்துகொண்டே வந்தது.

அடுத்து வந்த நாட்களில் திவ்யா நிலைக்கதவில் நெற்றியை இடித்துக்கொண்டாள். கம்பெனியில் மானிட்டர் எழுத்து கலங்குகிறது என்றாள். கண் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் குறை எதுவும் இல்லை என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒரு சாயங்காலம் குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றிக்கொண்டு, ஊற்றியது தெரியாமல் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"யாரோ பின்னால நின்னுகினு கையால பொத்தறமாதிரி கீதுப்பா."

தாயில்லாமல் அவர் வளர்த்த பெண். மாப்பிள்ளை வீட்டில் தை மாதம் நாள் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். பெண்ணுக்குக் கண் தெரியவில்லை என்ற பேச்சு ஒரு வாயில் விழுந்தால் மறுநாள் ஊர் முழுக்க இருக்கும். முனிசாமி யாரிடமும் வாய் திறக்கவில்லை. குமார்தான் தானாகவே ஃபோனில் கூப்பிட்டான். விளக்கேற்றும்போதெல்லாம் கவனித்தானாம்.

"அம்மா படத்துல கண்ணு வரவரத் தெளிவாயிகினே போவுது மாமா. நல்லாத்தான் செஞ்சிகீற. ஆனா எம்பொண்டாட்டி அந்த ரூமுக்குள்ள போவமாட்டேங்கிறா."

ஃபோனை வைத்ததும் முனிசாமி முடிவு செய்தார். திறந்ததை மூடிவிடவேண்டும். முதலில் இங்கே கம்ப்யூட்டரில் மூடிவிட்டு, புதுப் பிரிண்டோடு விடிந்ததும் படாளம் போய், அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துவிடவேண்டும். பழைய நெகட்டிவில் மூடிய இமை இருக்கிறது. அதை எடுத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டால் போதும்.

கூடத்தில் திவ்யா நெற்றியில் கைவைத்துப் படுத்திருந்தாள். அவர் கம்ப்யூட்டர் அறைக்குப் போய் டியூப்லைட்டைப் போட்டு, செங்கம்மாளின் நெகட்டிவை ஸ்கேனரில் வைத்தார். மூடிக்கு அடியில் வெளிச்சக் கோடு ஊர்ந்தது. திரையில் மேலிருந்து கீழாகப் படம் இறங்கியது. வகிடு. நெற்றி. புருவம்.

கண்.

திறந்திருந்தது.

தவறான நெகட்டிவ் என்று நினைத்தார். எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அதேதான். அவர் கைதொட்டுத் திருத்தாத மூல ஃபிலிம். அதில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள். வேறொன்றை எடுத்தார். காதுகுத்து. கூட்டத்தின் பின்வரிசையில் செங்கம்மாள், இரண்டு புள்ளிகளோடு. கிரகப்பிரவேசம். குமாரின் கல்யாணம். கூட்டத்தில் மற்றவர்கள் மணமக்களைப் பார்த்தார்கள். அவள் லென்ஸைப் பார்த்தாள். லென்ஸுக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தாள்.

அவர் திவ்யாவின் நெகட்டிவ்கள் இருந்த உறையைப் பிரித்தார். முதல் பிறந்தநாள். பால்பல் விழுந்த சிரிப்பு. பள்ளிச் சீருடை. போன வருடம் வரனுக்கு எடுத்தது.

ஒன்றில்கூடப் புள்ளி இல்லை.

எடுத்து வைக்க மூடிய இமை செங்கம்மாளிடம் இனி இல்லை. வெற்றிலை வாசனை அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. அவர் திரும்பவில்லை. தான் திருத்திய படத்தைத் திரையில் திறந்தார். கண்கள் அவருக்காகக் காத்திருந்தன. மூட இமை இல்லாவிட்டால் தோல் இருக்கிறது. அவள் கன்னத்திலிருந்து ஒரு துண்டு எடுத்தார். அந்த இடத்தில் அம்மைத் தழும்பு ஒன்று இருந்தது. பார்த்துத் தேர்ந்தெடுக்க நேரமில்லை. இடது கண்ணின் மேல் தேய்த்தார். கருமணி போனது. வெள்ளை போனது.

கூடத்தில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

அவர் நிறுத்தவில்லை. அதே துண்டு. வலது கண். தேய்த்தார். தேய்த்தார். தழும்பு அங்கேயும் வந்து உட்கார்ந்தது. இருக்கட்டும். புருவத்துக்குக் கீழே கன்னம்வரை ஒரே தோல். இனி அந்த முகம் யாரையும் பார்க்காது. சேமித்தார்.

வாசனை நின்றது. அறை சட்டென்று வெறும் அறையானது. முனிசாமி நாற்காலியில் சாய்ந்து, பல நாட்களுக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டார்.

"அப்பா."

சுவரைத் தடவிக்கொண்டு திவ்யா வருகிற சத்தம். வளையல் சுவரில் உரசியது. வாசலருகே வந்து நின்றாள். அவள் குரலில் பயம் எதுவும் இல்லை. தூக்கக் கலக்கம்தான் இருந்தது.

"கரண்ட் பூட்ச்சாப்பா? ஒண்ணுமே தெரியல. அந்த மெழுகுவத்தியக் கொளுத்தேன்."

டியூப்லைட் அவர் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது.

அவர் திரும்பினார்.

குரல் வந்த திசையில் அவரைத் தேடி அவள் முகத்தை நிமிர்த்தினாள். புருவங்கள் இருந்தன. அவற்றின் கீழே கன்னம்வரை வழவழவென்று ஒரே தோல். இமை இல்லை. குழி இல்லை. இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று, ஒரே அம்மைத் தழும்பு.

"எங்கப்பா கீற?" என்று சிரித்துக்கொண்டே திவ்யா கையை நீட்டினாள்.