கேட்டுக்கொண்டிருப்பவள்

கோன்தும் நகரில் ஓராண்டு நிறையாத குழந்தையை யாரும் புகழ்வதில்லை. எந்தப் பலகையிலும் இது எழுதப்படவில்லை. யாரும் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்ததாகவும் தெரியவில்லை. ஆனாலும், சந்தையில் மீன் விற்பவள் முதல் மரத்தேவாலயத்தில் மணியடிப்பவர் வரை, கைக்குழந்தையைக் கண்டால் முகத்தைச் சுளித்து, ஒரு வசவைச் சொல்லிவிட்டுத்தான் கடந்துபோவார்கள். அந்த ஊரில் அன்பு வசவின் உடையை அணிந்துகொண்டுதான் வெளியே வரும்.

லூவா கடற்கரை ஊர்க்காரி. கணவன் காங்குக்கு அவன் பிறந்த ஊரிலேயே மரவள்ளி ஆலையில் வேலை கிடைத்தபோது, நான்கு மாத மகனைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தாள். பேருந்திலிருந்து இறங்கிய காலைப் பத்து மணிக்கும் மூடுபனி விலகவில்லை. பாலத்துக்கு அடியில் ஆறு ஓடும் ஓசை மட்டும் கேட்டது. செம்மண் தூசு முழங்கால் உயரத்துக்கு அப்பிய பலகைச் சுவர்களோடு, புகுந்த வீடு பனிக்குள்ளிருந்து மெல்ல மெல்ல உருவாகி வந்து நின்றது.

மாமியார் போர்வையை விலக்கிக் குழந்தையைப் பார்த்தாள்.

"த்தூ! என்னடி இது, பெருச்சாளியப் பெத்து வச்சிருக்க?"

மூத்த மருமகள் மியென் தன் இடுப்பில் இருந்த பெண் குழந்தையைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள். "நல்லதாப் போச்சு. எங்க வீட்டுத் தேரைக்குத் துணை கிடைச்சாச்சு. எது அதிக அசிங்கம்னு இனி சண்டைதான்."

லூவா சிரித்தாள். அவள் ஊரிலும் குழந்தைகளுக்குச் செல்லமாக அழுக்குப் பெயர் வைப்பதுண்டு. வைத்துவிட்டு எல்லோரும் சிரிப்பார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. சொல்லி முடித்ததும் மாமியாரும் மியெனும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து ஒரு கணம் நின்றார்கள். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று உற்றுக் கேட்பவர்களைப் போல.

பதினொன்றரை மணிக்கு ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும். இரண்டு மணிவரை தெருவில் நாய்கூட நடக்காது. அந்த நடுப்பகல் உறக்கத்தின் அமைதி இரவின் அமைதியைவிடக் கனமானது. இரவுக்கு அதன் பூச்சிகளாவது உண்டு. வந்த பன்னிரண்டாம் நாள், அத்தகைய ஒரு பகலில், உள்ளறைத் தூளியில் கிடந்த குழந்தை தாயின் முகத்தை அடையாளம் கண்டு முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தது. லூவா குனிந்தாள். பன்னிரண்டு நாட்களாக அடக்கி வைத்திருந்த ஒரு சொல், அவளைக் கேட்காமலே உதட்டிலிருந்து நழுவியது.

"என் அழகே."

மூச்சைவிடச் சற்றே கனமான ஓசை. அவ்வளவுதான்.

காய்ந்துபோன தாய்ப்பாலின் புளித்த வாடை அறையில் எழுந்தது.

தூளி அசையத் தொடங்கியது.

லூவா கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள். மறுபக்கத்திலிருந்து யாரோ இழுத்தார்கள். முரட்டுத்தனமாக அல்ல, அவசரமில்லாமல், பொறுமையாக, பிள்ளையை உறங்கவைக்கத் தெரிந்த ஒரு கை இழுப்பதைப் போல. கயிறு அவள் விரல்களுக்கிடையே வழுவிப் போயிற்று. குழந்தை சிரிப்பை நிறுத்திவிட்டு, தாயைத் தாண்டி, வெற்றுச் சுவரைப் பார்த்தது.

அன்று முதல் அது அழவில்லை.

பசித்தும் அழவில்லை. ஈரத்துணியில் கிடந்தும் அழவில்லை. மருத்துவமனையில் எடை குறைந்திருக்கிறது என்றார்கள். வேறொன்றும் இல்லை என்றார்கள். தூளியை அவிழ்த்துப் பாயில் படுக்கவைத்தாள். நடுப்பகலானதும், கட்டப்படாத கயிறு விட்டத்தில் உராயும் ஓசை கேட்டது. பாயில் கிடந்த குழந்தையின் தலை அந்த ஓசைக்கு ஏற்ப இடமும் வலமும் மெல்லத் திரும்பியது.

லூவா திட்டினாள். கடற்கரையில் படகுக்காரர்களிடம் கேட்டறிந்த வசவுகளையெல்லாம் தேடியெடுத்து, காலை முதல் மாலை வரை குழந்தையின் முகத்துக்கு நேரே திட்டினாள். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி துணி பிழிந்துகொண்டே கேட்டாள்.

"என்னம்மா, தொண்டை கட்டற அளவுக்கு? திட்டணும்னு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

லூவா மீண்டும் குழந்தையின் பக்கம் குனிந்து திட்டினாள். அவளுக்கே தெரிந்திருந்தது: அத்தனை வசவும் பொய், முணுமுணுத்த அந்த ஒரு சொல் மட்டுமே மெய். மறுபக்கத்திலிருந்து கயிற்றை இழுத்து, கேட்டுக்கொண்டிருந்தவளுக்கும் அது தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள் அவளுக்குப் பால் வற்றியது. மியென் ஒன்றும் கேட்காமல் குழந்தையை வாங்கித் தன் மார்பில் அணைத்துக்கொண்டாள். ஒரு பக்கம் அவள் மகள், மறுபக்கம் இவள் மகன். பிறகுதான் தலை நிமிர்ந்தாள்.

"யாரு சொன்னா?"

"அக்கா..."

"யாருன்னு கேக்கறேன்."

"நான்தான்."

மியென் கையை ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தாள். மடியில் இருந்த குழந்தைகளில் தேரை மட்டும் திடுக்கிட்டு அழுதது. மியென் அதைத் தட்டிக்கொடுத்தாள். அதே கையால் பெருச்சாளியின் தலையையும் தடவினாள்.

பிறகு தாழ்ந்த குரலில் பேசினாள்.

"தூளியை ஆட்டறாளே, அவளுக்குக் கண்ணு கிடையாது லூவா. காது மட்டும்தான். எந்தப் பிள்ளை எப்படின்னு அவளுக்குத் தெரியாது. நாம சொல்றதைத்தான் நம்புவா. அதான் நாம இப்படிப் பேசறோம்."

"போக வைக்க வழியே இல்லையாக்கா?"

மியென் வாசல் பக்கம் பார்த்தாள். சொல்லலாமா என்று தயங்கியவள், எதிரே இருந்த முகத்தைக் கண்டு இரங்கிச் சொன்னாள். அந்த இரக்கத்தைத்தான் பின்னாளில் ஊரார் அவளுடைய பிழை என்றார்கள்.

"இதைவிட அழகான பிள்ளை வேற ஒண்ணு இருக்குன்னு கேட்டா, இதை விட்டுட்டு அங்க போயிடுவா. ஆனா நீ ரகசியமாச் சொன்னதை ஜெயிக்கணும்னா, நாலு பேர் முன்னாடி சத்தமாச் சொல்லணும். எந்த மனுஷி சொல்லுவா? என் மூத்தவனுக்கு இப்படித்தான் ஆச்சு. எதிர்வீட்டுல ஏழு மாசத்துல ஒரு பொண்ணு இருந்துச்சு. மூணு நாள் அந்த வாசல்ல போய் நின்னேன். வாய் வரைக்கும் வந்துச்சு."

"சொல்லலையா?"

"அந்தப் பொண்ணு இப்போ ரெண்டாங்கிளாஸ் படிக்குது. தினமும் நம்ம வாசல் வழியாத்தான் போகும். பல்லு விழுந்திருக்கு."

மியென் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க லூவாவால் முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை தேரைக்கு வருஷம் நிறையுது," என்றாள் மியென். "அன்னைக்கு முன்னாடி சீப்பு, பேனான்னு வைக்கிற தட்டுல ஏதாச்சும் ஒண்ணை எடுத்துட்டான்னா, அப்புறம் யார் என்ன சொன்னாலும் ஒட்டாது. அதுக்கப்புறம் நானே அவளை ஆசை தீரக் கொஞ்சலாம். உன் புள்ளையையும் எப்படியாச்சும் வருஷம் தாண்ட வச்சுடுவோம், பால் நான் தரேன்."

வருஷம் தாண்டாது என்பது இருவருக்கும் தெரியும். குழந்தையின் மணிக்கட்டு ஒரு கட்டைவிரல் பருமனுக்கு மெலிந்திருந்தது.

அடுத்த மூன்று காலைகளும் லூவா மகனை முதுகில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள். ஏன் போகிறோம் என்பதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. முகமறியாத ஒரு குழந்தை; பெயர் தெரியாத ஒரு தாய்; உரக்க ஒரு சொல். ஆனால் செய்தி அவளுக்கு முன்பே சந்தைக்கு வந்து சேர்ந்திருந்தது. அவள் வரும் வழியில் தாய்மார்கள் குழந்தைகளின் காதுகளைப் பொத்திக்கொண்டு கடைகளின் பின்புறம் ஒதுங்கினார்கள். நூடுல்ஸ் கடைக்காரி பாத்திரம் கழுவிய தண்ணீரை அவள் காலடியில் ஊற்றினாள்.

"வாயைத் திறந்தே, கொதிக்கிற குழம்பு உள்ள போகும். போடி அந்தப் பக்கம்."

வீடு திரும்பியபோது கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளில் பாதியை மாமியார் எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா எடுக்கறீங்க?"

"அதுக்கு இனிமே இவ்வளவு துணி எதுக்கு? அடுத்ததுக்கு ஆகும்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "காங் கிட்ட அழுது வைக்காதே. அவனுக்கு ஆலைல ராத்திரி வேலை."

ஞாயிற்றுக்கிழமை பனி சீக்கிரமே விலகியது. முற்றத்தில் பந்தல் போட்டு, நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அவித்த வாத்தும் ஒட்டரிசிச் சோறும் மணத்தன. ஆண்கள் பனிக்கட்டி மிதக்கும் பீர்க் கோப்பைகளோடு ஒரு பக்கம் கூடியிருந்தார்கள். காங்கும் அவர்களில் ஒருவனாக, மகன் இருந்த திசையைப் பார்க்காமல், எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். நடுவே பாய் விரித்து, பித்தளைத் தட்டில் சீப்பு, கத்தரிக்கோல், பேனா, கண்ணாடி, ஒரு பிடி அரிசி எல்லாம் வைத்திருந்தார்கள்.

"இந்தக் கோரமூஞ்சி கத்தரிக்கோலைத்தான் எடுக்கும், பாருங்க!" என்றார் ஒரு தாத்தா. "ஊருக்கே முடி வெட்டப் போகுது!"

பெருச்சாளி மியெனின் மார்பில் இருந்தான். உறிஞ்சுவதற்கு வலுவில்லாமல், வாயை மட்டும் வைத்துக்கொண்டிருந்தான். மியென் கண்ணால் லூவாவைக் கூப்பிட்டாள்.

"இவன் இப்பத்தான் வாய் வச்சிருக்கான், எடுத்தா விட்டுடுவான். நீயே தேரையக் கொண்டுபோய் உக்கார வை. நீயும் அவளுக்கு அம்மாதானே."

லூவா குழந்தையைத் தூக்கினாள். கனமாக இருந்தது. இப்படித்தான் ஒரு குழந்தை கனக்க வேண்டும் என்பதை அவள் கைகள் மறந்திருந்தன. பாயில் இறக்கினாள். எல்லோரும் பேச்சை நிறுத்திக் குனிந்தார்கள். அந்த அமைதியில், உள்ளறையிலிருந்து, கயிறு விட்டத்தில் உராயும் ஓசை அவளுக்குக் கேட்டது.

தேரை தட்டைப் பார்த்தாள். சீப்பை நோக்கிக் கையை நீட்டினாள்.

ஒரு சாண் தூரம்.

மியென் மடியில் பெருச்சாளியின் வாய் மார்பிலிருந்து நழுவியது. அவன் அதைத் தேடவில்லை.

நான்கு விரல் தூரம்.

லூவா குழந்தையை வெடுக்கென்று தூக்கி, எல்லோரும் பார்க்கும்படி தலைக்கு மேல் உயர்த்தினாள்.

"எவ்வளவு அழகு!"

கோப்பைக்குள் பனிக்கட்டி விரிசல்விடும் ஓசை கேட்டது. உள்ளறையில் கயிறு நின்றது.

"லூவா," என்றாள் மியென்.

"இந்தக் காதைப் பாருங்க, சங்கு மாதிரி. இந்த விரலைப் பாருங்க, ஒவ்வொண்ணா." லூவாவின் கட்டிய தொண்டை திறந்துகொண்டது. பொய் சொல்லத்தான் அவள் தொடங்கினாள். தட்டையான மூக்கும் நெற்றியில் மச்சமும் கொண்ட அந்த முகத்தில் பாராட்ட எதுவும் கிடைக்காது என்று அஞ்சியிருந்தாள். ஆனால் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தது. மூக்கு அழகாக இருந்தது. மச்சம் அழகாக இருந்தது. முன்பல்லிரண்டும் தெரியச் சிரித்த சிரிப்பு, அவள் வாழ்நாளில் கண்ட எதையும்விட அழகாக இருந்தது. கண்ணீர் வழிய, ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

உள்ளறைப் பலகைத்தரை முனகியது.

ஒரு அடி. இன்னொரு அடி.

காய்ந்த பாலின் வாடை பந்தலுக்குள் வந்தது. நாற்பது பேரும் கலையாமல், ஒரு ஆள் நடந்துபோகும் அளவுக்கு மட்டும் விலகி வழிவிட்டார்கள்.

மியெனின் மடியில் பெருச்சாளி வீறிட்டு அழுதான். பசித்த, கோபம் கொண்ட, உயிருள்ள அழுகை. மியென் அவனைக் கீழே போடவில்லை. இறுக்கிப் பிடித்தபடியே எழ முயன்று, அவன் நழுவுவதைக் கண்டு, மீண்டும் அமர்ந்தாள்.

"போதும்," என்றாள். "அவன் அழறான். கேட்டுச்சா? வந்துட்டான். போதும், நிறுத்துடி. என் தங்கமே, நிறுத்து."

லூவாவுக்குக் கேட்டது. ஆனால் வந்தவள் பாதியில் சந்தேகப்பட்டுத் திரும்பிவிடக் கூடாது. அவள் தேரையைத் தன் முகத்துக்கு நேராக இறக்கி, வெற்று வெளியை நோக்கித் திருப்பிப் பிடித்து, ஊரே கேட்கும் குரலில் சொன்னாள்.

"இந்த ஊர்லயே இவதான் அழகு. நம்பலைன்னா, வந்து தொட்டுப் பாரு."

குழந்தையின் கன்னத்தில், யாரும் தொடாமலே, ஒரு விரலளவுக்குக் குழி விழுந்தது.